சதுரங்கப் பலகைத் தானிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் முறை

சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்துக்கொண்டே தானியம் வைத்தால் மொத்தம் 18446744073709551615 மணிகள் சேரும். இரண்டின் 64ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் இது.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விரிதாளில் இந்த எண்ணை உள்ளிட்டபோது, முதல் 15 இலக்கங்கள் மட்டுமே தங்கி, எஞ்சிய ஐந்தும் பூஜ்யமாகிவிட்டன. ஆகவே முழு எண்களை எத்தனை இலக்கமானாலும் சிதைக்காமல் வைத்திருக்கும் பைத்தான் என்ற நிரல்மொழியையே பரிந்துரைக்கிறேன்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 87 என்பதால் எண் 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. 3ஆல் வகுக்கும் இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் வீணாயிற்று. பைத்தானில் ஒற்றைச் சாய்கோட்டால் (/) வகுத்ததில் ஈவு தசம எண்ணாக மாறிக் கடைசி இலக்கங்களை இழந்தது. அதை 5ஆல் வகுத்துப் பார்த்தபோது மீதி 4 என்று வந்தது. உண்மையான ஈவோ 6148914691236517205. ஐந்தில் முடிவதால் அது 5ஆல் வகுபட்டே தீர வேண்டும். முழு எண்ணாகவே வகுக்கும் இரட்டைச் சாய்கோட்டை (//) இட்டதும் மீதி பூஜ்யமாயிற்று.

இப்படி ஒவ்வொரு பகா எண்ணாக முயல்வதைவிடப் பள்ளியில் படித்த வர்க்க வித்தியாச முற்றொருமையை, அதாவது a² − b² = (a + b)(a − b) என்பதை, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதே மேல். அப்படிச் செய்தால் எண் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்ற ஆறு எண்களின் பெருக்கமாக உடைகிறது. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் பகா எண்ணே என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார்; 1732இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர் அந்த எண்ணைக் காரணிகளாக உடைத்துக் காட்டினார்.

ஆய்லரின் வழி மிக அழகானது. அந்த ஆறாவது எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அந்தப் பகா எண்ணை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகத்தான் இருக்க வேண்டும். எனவே 193, 257, 449, 577, 641 என்ற வரிசையில் முயன்றால் போதும். முதல் நான்கும் மீதி விடுகின்றன (257க்கு மீதி 2). 641 மீதியின்றி வகுத்து, 6700417 என்ற ஈவைத் தருகிறது.

ஆக, காரணிகள் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்ற ஏழு வெவ்வேறு பகா எண்கள். ஒவ்வொன்றும் ஒரே முறைதான் வருவதால் வகுத்திகளின் எண்ணிக்கை இரண்டின் ஏழாம் அடுக்கு, அதாவது 128.

பின்சேர்க்கை: 6700417 பகா எண்தான் என்பதற்கு என்ன உறுதி என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார், அதை நான் விளக்காமல் விட்டது பிழைதான். அதன் வர்க்கமூலம் 2588ஐச் சற்றே தாண்டுகிறது. ஆய்லரின் நிபந்தனை இதற்கும் பொருந்துவதால், 641ஐ மீண்டும் ஒருமுறையும், அதன்பின் 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகியவற்றையும் முயன்றால் போதும். ஏழும் மீதி விடுகின்றன.