மூன்று வயசுப் பிள்ளை கையில் களிமண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கத்து மழலையர் வகுப்புகளில் களிமண், இலை, விதை என்று பிள்ளைகளை உட்காரவைத்து வேலை செய்வதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள், நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை வரிசையாகச் செய்கிறார்கள். பழைய சட்டை போட்டுவிடுவது, தரையில் சாக்கு விரிப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வாசல் செம்மண்ணைப் பிசைவது

நம் ஊர்ச் செம்மண் பார்க்க அழகு. பிசைந்தால் பிடிக்காது. மணலும் சரளையும் கலந்திருப்பதால் உருட்டும்போதே உதிரும், பிள்ளை எழுந்து போய்விடும். கண்மாய்க் களிமண்தான் வேண்டும். கோடையில் கண்மாய் வற்றியதும் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடியில் இருப்பதை எடுங்கள். மேலே கருவேல முள், நத்தை ஓடு, பாட்டில் சில்லு எல்லாம் கிடக்கும். ஊறவைத்துக் கரைத்துச் சல்லடையில் வடித்து, துணியில் கொட்டித் தண்ணீர் இறங்கியபின் பிசையலாம். இவ்வளவுக்கு நேரமில்லை என்றால் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் பதமாகப் பிசைந்த மண்ணையே கேட்டு வாங்குங்கள். அய்யனார் கோயில் குதிரைக்கென்று மணலும் உமியும் சேர்த்த மண் வேண்டாம், சின்னக் கைக்கு அது சொரசொரப்பு. சட்டி பானைக்கான மண் போதும்.

குன்றிமணியைக் கண்ணாக வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இதுதான். ஆவணி பிறந்து பிள்ளையார் சதுர்த்தி நெருங்கினால் எனக்குக் கோபம் வரவைப்பதும் இதுதான்.

ஒரு மழலையர் பள்ளியில் சதுர்த்திக்கு முந்தின நாள் போயிருந்தேன். வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணம் நிறையக் குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக மிட்டாய் மாதிரி மின்னுகிறது. மூன்று வயசுப் பிள்ளை அதை என்ன செய்யும்? கிண்ணத்தை எடுத்து மேலே வைத்தேன். ஆசிரியைக்கு முகம் சுருங்கிவிட்டது. “எங்க அப்பத்தா காலத்திலேர்ந்து பிள்ளையாருக்கு இதுதானேக்கா கண்ணு?” என்றார்.

கண்ணு இதுதான், மறுக்கவில்லை. ஆனால் அப்பத்தா தன் கையால் வைத்தார், பூஜை முடிந்து பிள்ளையார் கிணற்றுக்கோ ஊருணிக்கோ போய்விட்டார். வகுப்பில் அந்த விதை பிள்ளை கையில் இருக்கிறது.

குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கொடிய நச்சுப் புரதம் இருக்கிறது. ஓடு கெட்டியாக இருப்பதால் முழுசாக விழுங்கிய விதை பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். அந்த தைரியத்தில்தான் ‘ஒன்றும் ஆகாது’ என்கிறார்கள். கடித்தாலோ உடைந்தாலோ கதை வேறு. மாலை கோக்க ஊசியால் துளைத்த விதைக்கும் அந்தக் காப்பு கிடையாது. வாந்தி, வயிற்றுவலி, இரத்தபேதி என்று அறிகுறிகள் உடனே தெரியாமல் பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கலாம். முறிமருந்து கிடையாது. ஒரு பிள்ளை வாயில் போட்டுவிட்டது என்று தெரிந்தால், கடித்ததா விழுங்கியதா என்று வீட்டில் ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். மிச்ச விதையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இல்லாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. களிமண் காயும்போது சுருங்கும், விதை சுருங்காது. அதனால் மண் வெடித்து விதை கழன்று விழும். அன்று நீங்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டீர்கள், சரி. மறுநாள் காலையில் அலமாரிக்குக் கீழே உருண்டு கிடப்பதை எந்தப் பிள்ளை பொறுக்கும் என்று யார் கண்டது?

‘அப்படியென்றால் புளியங்கொட்டை வைக்கலாமா?’ அதில் விஷமில்லை. ஆனால் இந்த வயசில் மூக்குக்கும் காதுக்கும் தொண்டைக்கும் போகிற எந்தச் சின்ன விதையும் வேண்டாம். அய்யனார் குதிரையைப் போய்ப் பாருங்கள், கண்ணை மண்ணிலேயே உருட்டி ஒட்டியிருப்பார்கள். பிள்ளையும் அப்படியே செய்யட்டும். ஒட்டும் இடத்தில் கொஞ்சம் கீறி, குழைத்த மண்ணைத் தடவினால் நிற்கும்.

இதே கையோடு பூக்கூடையையும் பாருங்கள். அரளியில் எல்லாப் பாகமும் விஷம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. ஆமணக்கு விதையும் ஊமத்தங்காயும் பக்கத்திலேயே வரக்கூடாது. செம்பருத்தி, வேப்பிலை, பூவரசு இலை, தென்னை ஓலை, தேங்காய் நார், இவை போதாதா?

இலையின் மேல்பக்கத்தைப் பதிப்பது

நரம்பு விழாது. அடிப்பக்கத்தை அழுத்துங்கள்.

சிமெண்டில் ‘ஆத்தங்குடிக் கல்’ செய்யவைப்பது

ஆத்தங்குடிக் கல், தரையில் பதிக்கிற பூப்போட்ட கல், களிமண் வேலை இல்லை. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது, சூளையில் சுடுவதில்லை. ஊர்ப் பெருமையைப் பிள்ளைக்குக் காட்ட நினைப்பது நல்லதுதான். ஆனால் ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். பட்டறைக்குக் கூட்டிப்போய்த் தள்ளி நின்று காட்டுங்கள். வகுப்பில் மண்ணைச் சதுரமாகத் தட்டிப் பூவையும் இலையையும் பதிக்கட்டும்.

முன்மாதிரி செய்து காட்டுவது

எல்லாப் பிள்ளையும் உங்கள் யானையையே செய்யும். வேண்டாம்.

வெயிலில் காயவைப்பது

சித்திரை வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் நின்று, பிள்ளை செய்த பசுவின் கால் முறியும். வளவிலோ திண்ணையிலோ நிழலில், முதல் நாள் ஈரத்துணி மூடி, பிறகு திறந்து மெதுவாகக் காயவிடுங்கள். கனத்த உருவத்தை அடியில் கொஞ்சம் தோண்டி எடுத்துவிட்டால் வெடிப்பு குறையும்.

அடுப்பில் போட்டுச் சுடுவது

உள்ளே ஈரமிருந்தால் வெடித்துச் சிதறும். பிள்ளைகளோடு செய்கிற வேலையே இல்லை.

தொட்டியில் கை கழுவவிடுவது

குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் கழுவவைத்து, மண் அடியில் தங்கியதும் மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், தங்கிய மண் அடுத்த வகுப்புக்கு ஆகும். தரையில் காய்ந்த மண்ணை விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி நெஞ்சுக்குள் போகும். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.