‘டொய்ங்’ இல்லாத கிட்டார்: வால்யூம் தானே ஏறும் பெடல் கட்டும் முறை

கிட்டார் கம்பியைத் தட்டியதும் ஒலி ஒரே பாய்ச்சலில் உச்சிக்குப் போய், பிறகு மெல்லத் தேயும். அதையே டேப்பில் பின்னோக்கி ஓட்டினால் மெல்ல ஏறி, உச்சியில் வெடுக்கென நிற்கும். ‘இது தலைகீழ் ஒலி’ என்று காது கண்டுபிடிப்பது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான். ஆகவே தட்டல் சத்தத்தை மறைத்து வால்யூமைக் கீழிருந்து ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி உங்கள் கையில்: ஒலி உச்சிக்கு வந்ததும் உள்ளங்கையால் கம்பியை அமுக்கி நிறுத்துங்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பஜனையில் ஹார்மோனியத்தோடு வாசிப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. துருத்திக் காற்றில் ஏறும் சுரத்தோடு கிட்டாரும் சேர்ந்து ஏறும். முந்திக்கொண்டு ‘டக்’ என்று ஒலிக்காது.

1979இல் பாஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்லோ கியர் பெடல் இந்த வேலையை ஜேஃபெட் டிரான்சிஸ்டரால் செய்தது. ஜேஃபெட்டுகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்பச் சரிசெய்ய (டிரிம்) வேண்டும். இங்கே எல்இடி விளக்கும், வெளிச்சத்துக்கேற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் எல்டிஆரும் போதும்.

வெளிச்சம் பட்டதும் எல்டிஆரின் ரெசிஸ்டன்ஸ் சட்டென விழுந்துவிடும். இருட்டியபின் திரும்ப ஏறுவதற்கோ சோம்பல்படும். எல்டிஆரை ஒலியின் பாதையில் தொடராக வைத்து, எல்இடி எரியும்போது வால்யூம் ஏறும்படி கட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அப்படிக் கட்டினால் பெடல் தாமதமாக மூடும். அடுத்த சுரத்தின் தட்டல் உள்ளே நுழைந்துவிடும். தலைகீழாகக் கட்டுங்கள். சும்மா இருக்கும்போது எல்இடி எரியட்டும், எல்டிஆர் ஒலியைத் தரைக்கு இழுக்கட்டும். கம்பி ஒலித்ததும் எல்இடி மெல்ல அணையும், வால்யூம் ஏறும். எல்டிஆரின் சோம்பலே இங்கே நமக்கு வேலைக்காரன்.

வேண்டிய பொருட்கள்:

ரெசிஸ்டர்: 2.2 மெகா ஓம் 1, 1 மெகா 2, 220 கிலோ 1, 47 கிலோ 1, 22 கிலோ 2, 10 கிலோ 2, 4.7 கிலோ 2, 2.2 கிலோ 1, 1 கிலோ 1, 100 ஓம் 1.
கெபாசிட்டர்: 100 நானோஃபேரட் 1, துருவமில்லாத 1 மைக்ரோஃபேரட் 4, எலக்ட்ரோலிட்டிக் 4.7 மைக்ரோ 1, 100 மைக்ரோ 3.
மற்றவை: டிஎல்072 ஐசி, 2என்3904, எம்பிஎஸ்ஏ13, 1என்4148 டயோடு 3, 1என்5817 டயோடு 1, ஜிஎல்5528 எல்டிஆர், 5 மிமீ பச்சை எல்இடி, 500 கிலோ லீனியர் பாட் (திருகு குமிழ்) 2 (ஒன்று உணர்திறனுக்கு, ஒன்று ஏற்ற வேகத்துக்கு), பெடலைச் சேர்க்கவும் விலக்கவும் 3பிடிடி சுவிட்ச், ஜாக் 2, அலுமினியப் பெட்டி.

எல்இடி பச்சையாகவே இருக்கட்டும். இந்த வகை எல்டிஆருக்குப் பச்சை வெளிச்சம்தான் நன்றாகப் பிடிக்கும். சிவப்பும் வேலை செய்யும், ஆனால் ஒலியை முழுதாக மூடாது.

முதலில் மின்சாரம். 9 வோல்ட் பிளஸ் 1என்5817 வழியாக வந்து ஒரு 100 மைக்ரோவைச் சேரட்டும். எல்இடி பகுதிக்கு இங்கிருந்தே எடுங்கள். ஐசிக்கு மட்டும் 100 ஓம் தாண்டி, தனியாக இன்னொரு 100 மைக்ரோவோடு கொடுங்கள். இல்லாவிட்டால் எல்இடி எரிந்தணையும்போது ‘டிக்’ கேட்கும். ஐசியின் சப்ளையிலிருந்து இரண்டு 10 கிலோவால் அரை வோல்டேஜ் எடுத்து, மூன்றாவது 100 மைக்ரோவை அதற்கும் கிரவுண்டுக்கும் நடுவே போடுங்கள். ஐசியில் 8ஆம் கால் பிளஸ், 4 கிரவுண்டு.

ஒலிப் பாதை: உள்வரும் ஜாக்கிலிருந்து 2.2 மெகா கிரவுண்டுக்கு. 100 நானோ வழியாக 3ஆம் காலுக்கு. அந்தக் காலிலிருந்து 1 மெகா அரை வோல்டேஜுக்கு. 1ஐயும் 2ஐயும் இணையுங்கள். 1இலிருந்து 22 கிலோ, அதன் மறுமுனையிலிருந்து எல்டிஆர் அரை வோல்டேஜுக்கு. எல்டிஆரைக் கிரவுண்டில் கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் ‘தொம்’ என்று இடிக்கும். அதே முனையிலிருந்து 1 மைக்ரோ வழியாக வெளி ஜாக். அங்கே 1 மெகா கிரவுண்டுக்கு.

கவனிக்கும் பாதை: 1ஆம் காலை நேராக 5உடன் இணையுங்கள். 7க்கும் 6க்கும் நடுவே 22 கிலோவும் உணர்திறன் பாட்டும் தொடராக. 6இலிருந்து 2.2 கிலோ, பிறகு 1 மைக்ரோ, கிரவுண்டு. 7இலிருந்து 1 மைக்ரோ ஒரு சந்திப்புக்கு. கிரவுண்டிலிருந்து ஒரு 1என்4148 (டயோடின் மேலுள்ள கோடு சந்திப்பின் பக்கம்), சந்திப்பிலிருந்து இன்னொன்று (கோடு முன்னோக்கி) அடுத்த 1 மைக்ரோவுக்கு. இந்தக் கெபாசிட்டரின் மறுகாலும் 220 கிலோவும் கிரவுண்டுக்கு. கெபாசிட்டரில் டயோடு சேரும் காலிலிருந்து 47 கிலோ வழியாக 2என்3904இன் பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டில்.

அதன் கலெக்டர் 4.7 கிலோவால் பிளஸ்ஸில் தொங்கட்டும். கலெக்டருக்கும் 4.7 மைக்ரோவின் பிளஸ் காலுக்கும் நடுவே இரண்டு வழிகள்: கோடு கெபாசிட்டர் பக்கமாக மூன்றாவது 1என்4148, அதற்கு இணையாக ஏற்றப் பாட்டும் 4.7 கிலோவும் தொடராக. கெபாசிட்டரின் மைனஸ் கால் கிரவுண்டில். கெபாசிட்டர் டயோடு வழியே சட்டென நிரம்பும், பாட் வழியே மெல்ல வடியும். அதிலிருந்து எம்பிஎஸ்ஏ13இன் பேஸ், கலெக்டர் பிளஸ், எமிட்டரிலிருந்து 1 கிலோ, எல்இடி, கிரவுண்டு. பாட் முழுதாகத் திருப்பியிருந்தால் எல்இடி அணைய இரண்டு வினாடிக்கு மேல் ஆகும். கடையில் பிசி547 கொடுத்தால் வாங்கலாம், ஆனால் அதன் எமிட்டரும் கலெக்டரும் 2என்3904க்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும்.

எல்இடியையும் எல்டிஆரையும் நேருக்கு நேர், 1 மிமீ இடைவெளியில், 3 செமீ கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாயில் நுழையுங்கள். சூடாக்கியதும் இரு முனைகளையும் குறட்டால் நசுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றுங்கள். எல்டிஆர் கால்களில் சால்டரிங் அயர்ன் 3 வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. போர்டில் வைக்கும் முன் மீட்டரால் பாருங்கள்: இருட்டில் பத்து வினாடி கழித்து 1 மெகாவுக்கு மேல், எரியும்போது 500 ஓமுக்குக் கீழ். இரண்டாவது எண் கூடுதலாக இருந்தால் இடைவெளியைக் குறையுங்கள்.

ஐசியைச் செருகியபின் 1, 7 கால்களில் சப்ளையின் பாதி வர வேண்டும். 3ஆம் காலை அளந்து பயப்படாதீர்கள். 1 மெகாவின் காரணமாக மீட்டர் அங்கே குறைத்துக் காட்டும்.

தவறுகள் வரும் இடங்கள். முழு வால்யூம் வரவே இல்லையென்றால் குழாய்க்குள் வெளிச்சம் கசிகிறது. மூடியைத் திறந்து வைத்துச் சோதித்தால் இதில்தான் ஏமாறுவீர்கள். கனமான ஈ கம்பியில் ஒலி நடுங்கினால், டயோடுகளுக்குப் பின்னாலுள்ள 1 மைக்ரோவை 2.2 ஆக்குங்கள், அந்தக் கம்பி 82 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 12 மில்லி வினாடி பிடிக்கும், கெபாசிட்டர் அதுவரை தாங்க வேண்டும். மாற்றினால் பெடல் சற்றுத் தாமதமாக மூடும். ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தட்டினால் பெடல் மறுபடி தொடங்காது. இது பழுதல்ல. இடது விரலைத் தூக்கி ஒரு கணம் மௌனம் விட்டுத் தட்டப் பழகுங்கள்.

தட்டாமலே பெடல் திறந்துகொள்கிறதா? உணர்திறனைக் குறையுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடிக்கும். லோட் ஷெடிங் நேரத்தில் மலிவான இன்வர்ட்டர் ஓடினால் இன்னும் மோசம். பெடலைப் பேட்டரியில் ஓட்டியும் பயனில்லை, இரைச்சல் நுழைவது பிக்கப் வழியாக. இன்வர்ட்டரிலிருந்து விலகி உட்காருங்கள். பேட்டரிக்குச் செலவு சுமார் 8 மில்லி ஆம்பியர்தான்.

கிட்டாருக்கு அடுத்தபடி முதல் பெடல் இதுவே. கம்ப்ரெஸரோ டிஸ்டார்ஷனோ முன்னால் வந்தால் தட்டலுக்கும் மௌனத்துக்கும் வித்தியாசம் சுருங்கிவிடும். டிலேயைப் பின்னால் வையுங்கள்; 400 மில்லி வினாடி, மூன்று நான்கு எதிரொலி. தலைகீழ் மயக்கம் அப்போதுதான் முழுமையாகும்.

உண்மையாகவே பின்னோக்கி ஓட்ட ஒலியை நினைவகத்தில் எழுதிக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். பிடி2399 டிலே சிப்பால் அது முடியாது. எழுதிய வரிசையிலேயே வெளியே தள்ளும். அதற்கு எஃப்வி-1 சிப் வேண்டும், வழக்கமான 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் அதன் நினைவகம் ஒரு வினாடி. அந்தச் சிப்புக்கு முன்னாலும் இந்தப் பெடலை மாட்டலாம். ஆனால் அணைத்து வையுங்கள்: மெல்ல ஏறிய ஒலியைத் திருப்பிப் போட்டால் மெல்லத் தேயும் சாதாரணக் கிட்டார்தான் கேட்கும்.