எலிக்கு இபிஓ போட்டு மாடல் பண்றவங்க தவிர்க்க வேண்டிய தப்புகள்

எரித்ரோபாய்டின், சுருக்கமா இபிஓ. கிட்னி சுரக்குற ஹார்மோன், எலும்பு மஜ்ஜைல சிவப்பணு உற்பத்திய தூண்டிவிடும். இத மருந்தா மிருகங்களுக்குப் போட்டு, உடம்புல அது எப்படிப் போகுது, என்ன பண்ணுதுன்னு கணக்கு மாடல் பண்றப்போ முதல்ல சறுக்குற இடம், கிளியரன்ஸ, அதாவது உடம்பு மருந்த காலி பண்ற வேகத்த, ஒரே நம்பரா வெச்சுக்கிறது. சின்ன டோஸ் வேகமா காலியாகும், பெரிய டோஸ் மெதுவாத்தான் போகும், ஏன்னா மருந்து எந்த செல்லத் தூண்டுதோ அதே செல்லுதான் ரிசெப்டரோட (செல்லுல மருந்து ஒட்டிக்கிற இடம்) சேத்து அத உள்ள இழுத்து அழிக்குது, டோஸ் கூடக் கூட ரிசெப்டர் எல்லாம் நிரம்பிடும். செம்மறி ஆட்டுக்கு புசல்ஃபான்ங்கிற மருந்து குடுத்து மஜ்ஜைய அழிச்சுட்டுப் பாத்தப்போ இபிஓ கிளியரன்ஸ் நல்லாவே கொறஞ்சுது, அதனால இது வெறும் தியரி இல்ல. தொடர்ந்து டோஸ் போட்டா அந்த செல்லுங்க பெருகி மருந்த இன்னும் வேகமா தின்னும். ஒரே டோஸ் அளவுல, அதுவும் முதல் ஊசி டேட்டாவ மட்டும் வெச்சு நாலாவது வாரத்த கணிக்காதீங்க.

தோலுக்கடியில போடுற ஊசில இன்னொரு சிக்கல். மருந்து ரத்தத்துல சேர்றதே ரொம்ப ஸ்லோ, கடைசில தெரியுற சரிவு அந்த சேர்ற வேகத்தத்தான் காட்டுது, அத ஹாஃப் லைஃப்னு (ரத்தத்துல மருந்து பாதியா கொறைய ஆகுற நேரம்) எழுதிடக் கூடாது. அதப் பிரிச்சுப் பாக்க, நேரா ரத்தக் குழாய்ல போட்ட குரூப் ஒண்ணு கண்டிப்பா வேணும்.

எனக்கு ரொம்ப முக்கியமா படுறது ரத்தம் எடுக்குற விஷயம். எலிக்கு கிலோவுக்கு சுமாரா 64 மில்லி ரத்தம், அப்போ 300 கிராம் எலிக்கு மொத்தமே 19 மில்லிதான். ஒவ்வொரு தடவையும் 0.3 மில்லின்னு பத்து தடவ எடுத்தா 3 மில்லி போச்சு, அதாவது ஆறுல ஒரு பங்கு, அந்த உயிருக்கு அது சின்ன விஷயமே இல்ல. ரத்தம் கொறஞ்சதும் அதோட கிட்னியே இபிஓவ கூட்டும், ரெட்டிகுலோசைட் (புதுசா வர்ற இளம் சிவப்பணு) ஏறும், நீங்க அத மருந்தோட பவர்னு எழுதி வெச்சுடுவீங்க. மருந்தில்லாத ஊசி போட்ட குரூப்புக்கும் அதே நேரத்துல அதே அளவு ரத்தம் எடுங்க, இல்லன்னா ஒரு எலிக்கு ரெண்டு மூணு சாம்பிளோட நிறுத்திட்டு நேரத்த பல எலிகளுக்குப் பிரிச்சு விட்டு எல்லா எலி டேட்டாவையும் ஒண்ணா சேத்துப் பாக்குற பாப்புலேஷன் மாடல்ல ஃபிட் பண்ணுங்க.

சிவப்பணு ஆயுள் மனுஷனுக்கு 120 நாள், எலிக்கு சுமார் 60, சுண்டெலிக்கு சுமார் 40. மனுஷ நம்பர அப்படியே தூக்கிப் போடாதீங்க. அந்த செல்லுங்க பெரும்பாலும் வயசாகித்தான் சாகும், அதனால தினமும் இத்தன சதவீதம் அழியுதுன்னு வெச்சா மருந்து நிறுத்துனப்புறம் வர்ற வளைவு ஒத்தே வராது. அப்புறம் வளர்ற வயசு எலின்னா உடம்போட ரத்த அளவும் கூடிட்டே போகும், ஹீமோகுளோபின் கணக்குல அதையும் சேக்கணும்.

நீண்ட நாள் ஸ்டடியில ஆன்டிபாடிய மறந்துடாதீங்க. மனுஷ இபிஓ எலிக்கு அந்நியப் புரோட்டீன், ஆன்டிபாடி வந்துட்டா மருந்த மட்டுமில்லாம அதோட சொந்த இபிஓவையும் செயலிழக்க வெக்கலாம், நாய் பூனைக்கெல்லாம் இதனால சிவப்பணு உற்பத்தியே நின்னு போனதுண்டு. ஹீமோகுளோபின் ஆரம்ப அளவுக்குக் கீழ போனா உடம்பே உற்பத்திய கொறைக்குதுன்னு உடனே ஃபீட்பேக் பாராமீட்டர் ஒண்ண மாடல்ல சொருகாம முதல்ல ஆன்டிபாடி டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

கடைசியா, ரத்தத்துல இபிஓ அளவ பாக்க வாங்குற எலைசா டெஸ்ட் கிட் மனுஷ இபிஓவ மட்டும் காட்டுதா, எலியோடதையும் சேத்துக் காட்டுதான்னு ஊசி போடுறதுக்கு முந்தின சாம்பிள்லயே செக் பண்ணிடுங்க, பேஸ்லைன, அதாவது மருந்துக்கு முந்தின அளவ, மாடல்ல எப்படி வெக்கணும்ங்கிறது அதப் பொறுத்துதான்.