கேச் சர்வர் வாங்கும் முன்: குமரி மாவட்ட இணைய ஆபரேட்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் வட்டாரங்களில் கேபிள் டிவி நடத்தியவர்களில் பலர் இன்று பைபர் இணைப்பும் தருகிறார்கள். மாலையானால் வீட்டுக்கு வீடு வீடியோ ஓடுகிறது, பேண்ட்வித் (வெளியிலிருந்து வாங்கும் இணையக் கொள்ளளவு) செலவு கழுத்தை நெரிக்கிறது. பலரும் பார்ப்பதை ஊருக்கு அருகிலேயே சேமித்து வைத்தால் அந்தச் சுமை குறையும். அப்படிச் சேமித்துத் தருவதுதான் கேச் சர்வர். கூகுளும் மெட்டாவும் தங்கள் கேச் சர்வர்களை இணைய நிறுவனங்களின் இடத்திலேயே வைக்கின்றன. நெட்பிளிக்ஸ் இதே போன்ற தனது ஓப்பன் கனெக்ட் திட்டத்தை 2012இல் அறிவித்தது.

இந்த சர்வர்களைக் காசு கொடுத்து வாங்க முயல்வது முதல் தவறு. போதிய அளவு டிராபிக் (டேட்டா போக்குவரத்து) உள்ள நிறுவனங்களுக்கு அவை இலவசமாகவே கிடைக்கின்றன. சிறிய ஆபரேட்டர் தரகரைத் தேடிப் போக வேண்டாம். தனக்கு பேண்ட்வித் தரும் நிறுவனத்திடம் கேச் இருக்கிறதா, அதன் வழியே வரும் டிராபிக்குக் குறைந்த விலை உண்டா என்று கேட்டு வாங்கினால் போதும்.

இன்னும் பெரிய தவறு, ‘எல்லாத் தளங்களையும் சேமிக்கும்’ என்று விற்கப்படும் சர்வரை நம்புவது. ஸ்க்விட் போன்ற கேச் மென்பொருள் ஒரு காலத்தில் நன்றாகவே உதவியது. இப்போது பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் வழியாக, அதாவது பூட்டிய வடிவில், வருகின்றன. நடுவில் இருக்கும் சர்வரால் உள்ளடக்கத்தைப் படிக்கவே முடியாது. படிக்க வைப்பதற்காக வாடிக்கையாளரின் போனில் அந்த சர்வரை நம்ப வைக்கும் தனி டிஜிட்டல் சான்றிதழை ஏற்றச் சொல்பவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். அதை ஏற்றினால் வங்கிக் கடவுச்சொல்லும் அந்த சர்வர் வழியே வெளிப்படையாகப் போகும். வாடிக்கையாளர் நம் மீது வைத்த நம்பிக்கையை எந்தச் சிக்கனத்துக்காகவும் விற்கக் கூடாது.

கேச் வந்ததும் வெளி பேண்ட்வித்தைக் கண்டபடி குறைப்பவர்களும் உண்டு. கூகுளின் சர்வரில் கூகுள் தருவது மட்டும்தான் இருக்கும். துபாயில் வேலை பார்க்கும் மகனோடு தாய் பேசும் வீடியோ அழைப்பை எந்த கேச்சும் சேமித்து வைக்காது. யூடியூப் தடங்கலின்றி ஓடுவதைக் காட்டி இணைப்பு நன்றாக இருக்கிறது என்று அந்தத் தாயிடம் வாதிடுவது நியாயமில்லை.

வெளி இணைப்பு அறுந்தாலும் கேச் சமாளிக்கும் என்று நினைப்பதும் தவறு. உள்நுழைவு, தேடல், எந்த சர்வரிலிருந்து வீடியோ தருவது என்ற முடிவு எல்லாம் வெளியே நடப்பவை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்ட மாவட்டம் இது. கையில் பணம் இருந்தால் முதலில் ஜெனரேட்டருக்கும், திருநெல்வேலி வழியாக ஒன்று, திருவனந்தபுரம் வழியாக ஒன்று என இரண்டு தனித்தனிப் பாதைகளுக்கும் செலவிடுங்கள். கேச் அதற்குப் பிறகு வரட்டும்.