கம்பேர்-அண்ட்-ஸ்வாப் லூப்பைப் பிழையின்றி எழுதும் முறை

ஒரு சர்வர் ஒரே நேரத்தில் 100 இணைப்புகளுக்கு மேல் ஏற்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை 99 ஆக இருக்கும்போது இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் செயலோட்டங்கள்) அதைப் படித்து, இடம் இருக்கிறது என்று இரண்டுமே முடிவு செய்து, ஆளுக்கொன்றாகக் கூட்டினால், கூட்டல் அடாமிக்காகவே, அதாவது இடையில் துண்டிக்க முடியாத ஒரே செயலாகவே நடந்தாலும் 101 இணைப்புகள் உள்ளே வந்துவிடும். நான் பார்த்த மதிப்பு இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் புதியதை எழுது, இல்லையேல் தொடாதே என்ற கட்டளையை, வேறெந்த த்ரெட்டும் இடையில் புக முடியாதபடி நிறைவேற்றுவதே கம்பேர்-அண்ட்-ஸ்வாப். நிபந்தனையின்றி வெறுமனே எண்ணுவதற்கு இது வேண்டாம், படிப்பதையும் கூட்டுவதையும் ஒரே அடாமிக் செயலாகச் செய்யும் ஃபெட்ச்-ஆட் போதும்.

சி++11 முதல் இதற்கான வசதி மொழியிலேயே இருக்கிறது. முதலில் அடாமிக் மாறியின் மதிப்பை ‘பழையது’ என்ற உள் மாறியில் படித்துக்கொள்ளுங்கள். பிறகு லூப்புக்குள், பழையது 100-ஐ எட்டிவிட்டதா என்று பார்த்து, எட்டியிருந்தால் வெளியேறுங்கள். எட்டவில்லையென்றால் பழையதோடு ஒன்றைக் கூட்டி, சி++-இல் கம்பேர்-அண்ட்-ஸ்வாப்பைச் செய்யும் கம்பேர்-எக்ஸ்சேஞ்ச்-வீக்கை அழையுங்கள். அது தோற்றால், அப்போதுள்ள மதிப்பை அதுவே ‘பழையது’ மாறியில் எழுதிவிடுவதால், மீண்டும் படிக்க வேண்டியதில்லை. ஆனால் சோதனையையும் கூட்டலையும் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் செய்தே ஆக வேண்டும். சோதனையை லூப்புக்கு வெளியே வைத்து நானே ஒரு நாள் முழுவதையும் இழந்திருக்கிறேன். நெரிசல் இல்லாதபோது அந்தப் பிழை தலைகாட்டவே இல்லை.

வீக் வகை, மதிப்பு மாறாதபோதும் சில வேளை தோற்கலாம். எல்டிஎக்ஸ்ஆர், எஸ்டிஎக்ஸ்ஆர் என்ற கட்டளை இணையைப் பயன்படுத்தும் ஆர்ம் செயலிகளில் இது இயல்பு. எக்ஸ்86-இன் லாக் சிஎம்பிஎக்ஸ்சிஹெச்ஜி கட்டளையில் அப்படி நேர்வதில்லை. ஆகவே லூப்புக்குள் வீக்கையும், ஒரே ஒரு முயற்சிக்கு, இப்படிக் காரணமின்றித் தோற்காத ஸ்ட்ராங் வகையையும் பயன்படுத்துங்கள். ஒரு த்ரெட் எழுதியவை பிற த்ரெட்களுக்கு எந்த வரிசையில் தெரியும் என்ற நினைவக வரிசையைப் பொறுத்தவரை, தனித்து நிற்கும் எண்ணிக்கைக்கு, வரிசைக்கு உறுதி தராத ரிலாக்ஸ்டு போதும்; ஆனால் ஒரு பாயிண்டரை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியை) மாற்றி அதன் வழியே பிற த்ரெட்களுக்குத் தரவைக் காட்டுவதானால், முன்பு எழுதியவை படிப்பவருக்கும் தெரிவதை உறுதிசெய்ய, எழுதும் பக்கம் ரிலீஸும் படிக்கும் பக்கம் அக்வையரும் கட்டாயம்.

பாயிண்டர் என்றதும், மதிப்பு மாறி மீண்டும் பழையபடியே ஆகிவிடுவதால் ஏமாறும் ஏபிஏ சிக்கல் வந்துவிடுகிறது. 1986-இல் ஐபிஎம்மின் ஆர். கென்ட் டிரைபர் விவரித்த, பூட்டில்லாத ஸ்டாக்கை (கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கை) எடுத்துக்கொள்வோம். உச்சியில் ஏ, அதன் கீழ் பி. ஏ-யை எடுக்க வந்த முதல் த்ரெட், உச்சி ஏ, அடுத்தது பி என்று படித்துவிட்டு நிற்கிறது. அதற்குள் இன்னொன்று இரண்டையும் எடுத்து, பி-யின் நினைவகத்தை விடுவித்து, ஏ-யை மட்டும் திரும்ப வைக்கிறது. முதல் த்ரெட் எழுந்து ஒப்பிடுகிறது. உச்சியில் அதே ஏ இருப்பதால் வெற்றி கிடைக்கிறது, விடுவிக்கப்பட்ட பி உச்சியாகிறது. மதிப்பு அதேதான் என்பதை மட்டுமே இந்தச் செயல் அறியும். இடையில் எதுவும் நடக்கவில்லை என்பதை அறியாது.

பாயிண்டரோடு ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்து, ஒவ்வொரு மாற்றத்திலும் அதைக் கூட்டினால் இந்த ஏமாற்றம் நீங்கும். எக்ஸ்86-64-இல் இவ்விரண்டும் அடங்கிய 16 பைட்டுகளையும் சேர்த்து மாற்ற சிஎம்பிஎக்ஸ்சிஹெச்ஜி16பி கட்டளை உண்டு. தரவு 16 பைட் எல்லையில் அமைந்திருக்க வேண்டும். கம்பைலர் சத்தமின்றி உள்ளே ஒரு பூட்டைப் போட்டிருக்கலாம் என்பதால், இஸ்-லாக்-ஃப்ரீ என்று கேட்டுப் பாருங்கள். எனினும், வேறொரு த்ரெட் விடுவித்துவிட்ட ஏ-க்குள் போய் அடுத்த பாயிண்டரைப் படிக்கும் ஆபத்தைப் பதிப்பு எண் தடுக்காது. அதற்கு, நான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு த்ரெட்டும் அறிவித்து வைக்கும் ஹசார்டு பாயிண்டர் முறை தேவை. அந்த அறிவிப்பு நீங்கும்வரை எவரும் அந்த நினைவகத்தை விடுவிக்க மாட்டார்கள்.