சர்வரில் 'விண்டோ' இல்லை: மும்மொழிக் கோவில் தளம் செய்பவர்களுக்கு

மொரிஷியஸில் கத்ர் போர்னிலோ ரோஸ் ஹில்லிலோ ஒரு கோவிலுக்குத் தளம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் என மூன்று மொழி. தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிய ஒரு பக்கம். பிரவுசரில் ஓடிய ஜாவாஸ்கிரிப்டை நோடுக்கு (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) கொண்டுபோனதும் 'விண்டோ இஸ் நாட் டிஃபைன்ட்' என்று வரும். இது நல்ல பிழை, உடனே கத்திவிடும். சத்தமில்லாமல் கெடுப்பவைதான் தொல்லை.

நிரலின் எந்த மூலையிலிருந்தும் எட்டும் பொதுப் பெட்டிதான் குளோபல் ஆப்ஜெக்ட். பிரவுசர் பக்கத்தில் அதன் பெயர் 'விண்டோ', பின்னணியில் தனியாக ஓடும் வெப் வொர்க்கரில் 'செல்ஃப்', நோடில் 'குளோபல்'. ஜாவாஸ்கிரிப்டின் 2020 தரத்தில் சேர்ந்த 'குளோபல்திஸ்' எல்லா இடத்திலும் செல்லும். எங்கே ஓடுகிறோம் என்று அறிய 'இஃப் விண்டோ' என்று எழுதினால் நோடில் அந்த வரியிலேயே நிரல் விழும்; 'டைப்ஆஃப் விண்டோ' என்று கேட்டால் விழாது. 'நேவிகேட்டர்' இருக்கிறதா என்று பார்ப்பதும் இனி உதவாது, நோட் 21 முதல் அங்கேயும் அது உண்டு.

பிரவுசரின் சாதாரண ஸ்கிரிப்டில் மேல்மட்டத்தில் 'வார்' போட்டால் அது 'விண்டோ'வில் ஒட்டிக்கொள்ளும். 'லெட்', 'கான்ஸ்ட்' ஒட்டாது. நோடில் ஒவ்வொரு கோப்பும் தனி மாட்யூல் என்பதால் 'வார்' கோப்புக்குள்ளேயே நிற்கும். ஆனால் ஸ்ட்ரிக்ட் மோட் (இப்படிப்பட்ட தவறுகளைப் பிழையாகக் காட்டும் கண்டிப்பான முறை) இல்லாத கோப்பில் எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுத்தால், அது நேராக 'குளோபல்'மீது ஏறிவிடும்.

இனி முக்கியமான இடம். பிரவுசரில் குளோபல் என்பது ஒரு ஆளின் ஒரு டேபுக்கு மட்டும். சர்வரில் ஒரே ப்ராசஸ் எல்லோருக்கும் பதில் சொல்கிறது. 'மொழி' என்ற மாறியில் தமிழ் என்று எழுதி, டேட்டாபேஸுக்கு 'அவெய்ட்' போட்டுக் காத்திருக்கும்போது, இன்னொருவர் வந்து அதைப் பிரெஞ்சாக மாற்றிவிடுவார். முதல் ஆளுக்குப் பிரெஞ்சுப் பக்கம் போகும். மொழி மாறினால் சிரித்துவிட்டுப் போகலாம். அதே மாறியில் காவடி எடுப்பவரின் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தால்? மாட்யூலுக்குள் 'லெட்' போட்டேனே என்று சமாதானம் சொல்ல முடியாது. மாட்யூல் ஒருமுறை ஏற்றப்பட்டுக் கேஷில் இருப்பதால் அந்த மாறியும் பொதுச்சொத்துதான்.

சோதிக்க: மொழி மாறியை எழுதும் இடத்துக்கும் படிக்கும் இடத்துக்கும் நடுவே 2 விநாடித் தாமதம் வையுங்கள். இரண்டு டெர்மினலில் 'கர்ல்' (பக்கத்தைக் கேட்டு வாங்கும் கட்டளை) கொண்டு முதலில் தமிழ், உடனே பிரெஞ்சு கேளுங்கள். இரண்டும் பிரெஞ்சாக வந்தால் கசிவு உண்டு. தீர்வு, மதிப்பை ரிக்வெஸ்ட்டோடு ஃபங்ஷன் ஃபங்ஷனாகக் கொடுத்தனுப்புவது. அடுக்குகள் அதிகமானால் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் மதிப்பைத் தனியாக வைத்துக்கொள்ளும் நோடின் 'அசிங்க்லோக்கல்ஸ்டோரேஜ்' உண்டு. சின்னத் தளத்துக்கு அது தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

தேதியிலும் இதே கதை. பிரவுசர் பார்ப்பவரின் கடிகாரத்தைப் படிக்கும், சர்வர் தன் கடிகாரத்தை. சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும். மொரிஷியஸ் 4 மணி முன்னால் இருப்பதால் நள்ளிரவு முதல் விடியற்காலை 4 வரை பக்கத்தில் நேற்றைய தேதி நிற்கும். கையால் 4 மணி கூட்டாதீர்கள், மொரிஷியஸ் நேரத்தில் ஓடும் உங்கள் சொந்தக் கணினியில் அது இரண்டுமுறை கூடும். தேதியை வடிவமைக்கும்போது 'டைம்ஸோன்' மதிப்பாக 'இந்தியன்/மொரிஷியஸ்' கொடுங்கள். இரு பக்கமும் ஒரே தேதி வரும்.