காப்பகத்தில் பிராணி: கடிக்காது என்பது மட்டும் போதாது

மழலையர் காப்பகத்துக்கு ஒரு பிராணி வாங்கும்போது எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “கடிக்குமா?” பெரும்பாலும் அதோடு விசாரணை முடிந்துவிடும். அப்படித்தான் சின்ன ஆமை ஒன்று தொட்டியோடு வந்து சேர்கிறது.

ஆமை சாதுதான். ஆனால் ஆமை, ஓணான், தவளை, கோழிக்குஞ்சு எல்லாம் பார்க்க ஆரோக்கியமாக இருந்துகொண்டே கழிவில் சால்மோனெல்லா கிருமியை வெளியேற்றக்கூடியவை. 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அது வயிற்றுப்போக்கோடு நிற்காமல், சில சமயம் ரத்தத்திலும் பரவிவிடும். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க 1975லேயே தடை போட்டார்கள். குழந்தைகள் அந்தக் குட்டி ஆமையைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டதுதான் காரணம். ஆக, இந்த வகைகள் காப்பகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, முயல் வளர்க்கலாமா? வளர்க்கலாம். இரண்டு வயதுப் பிள்ளை முயலைத் தடவுகிறது. டீச்சர் குழாயைத் திறக்கத் திரும்புகிறார். அதற்குள் கட்டைவிரல் வாய்க்குப் போய்விட்டது. புழுக்கையைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, ரோமத்தில் ஒட்டியிருக்கும் கிருமியே போதும். அதனால் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்திலேயே முயலைக் காட்டுங்கள். சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். சானிடைசர் அழுக்குக் கையில் சரியாக வேலை செய்யாது.

முயலைக் குழந்தையின் கையில் தூக்கிக் கொடுப்பது இன்னொரு தவறு. பயந்தால் பின்னங்காலால் பலமாக உதைக்கும். குழந்தைக்குக் கீறல், முயலுக்கோ முதுகெலும்பே உடையலாம். தரையில் உட்கார்ந்து, பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒவ்வொருவராகத் தடவட்டும். ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற குட்டிப் பிராணி இரவில் விழித்திருக்கும் ஜாதி. பகலில் தட்டி எழுப்பினால் அதுவும் கடிக்கும், பாவம், தூக்கம் கெட்டால் நமக்கே கோபம் வருகிறதே.

மீன் தொட்டிதான் ஆபத்தில்லாதது என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் தொட்டித் தண்ணீரைப் பால் புட்டி கழுவுகிற சிங்க்கில் கொட்டுகிறார்களே, அதை எங்கே சொல்ல! கழிப்பறையில் ஊற்றுங்கள். சுத்தம் செய்யும் பிரஷ்ஷும் வாளியும் சமையலறைப் பக்கமே வரக்கூடாது.

அப்புறம், யாருக்கு அலர்ஜி, யாருக்கு ஆஸ்துமா என்று பிராணி வருவதற்கு முன்பே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். பூனை இருந்தால் அதன் மலத் தட்டைக் கர்ப்பிணி ஊழியர் தொடக்கூடாது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கருவைப் பாதிக்கக்கூடும்.

நாயோ பூனையோ கடித்துவிட்டால், கீறல்தானே என்று துணியால் துடைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பிராணிக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் இதையேதான் செய்ய வேண்டும். சாயங்காலம் வரை காத்திருக்காமல் அம்மா அப்பாவுக்கு உடனே போன் போட்டுவிடுங்கள்.